பிதுருதலாகலவைக் கம்பைல் செய்தல்

இலங்கை நிலப்படங்களின் கணக்கு நுவரெலியாவுக்கு மேலே, பிதுருதலாகல உச்சியில் தொடங்குகிறது. நாட்டின் ஆக உயர்ந்த இடம் அது, 2,524 மீட்டர். ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பதும் அங்கேதான். நில அளவைத் திணைக்களத்தின் பழைய 1:50,000 படங்களில் இந்த உச்சிக்குக் கிழக்கெண் 200,000 மீட்டர், வடக்கெண்ணும் 200,000 மீட்டர். சுழியம் என்று வைத்திருந்தால் உச்சிக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களெல்லாம் கழித்தல் குறியோடு அலைய வேண்டியிருக்கும். இரண்டு இலட்சத்தில் தொடங்கியதால் தீவின் எந்த மூலையும் நேர் எண்ணாகவே வந்துவிடுகிறது. ஹட்டன் நகரம் உச்சியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், தெற்கே 12 கிலோமீட்டர். எனவே அதன் எண்கள் 180,000, 188,000 என்பவற்றை ஒட்டி வரும். 1999இல் புதிய அளவை முறை வந்தபோது உச்சியின் எண்ணை 500,000 என்று மாற்றினார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பார்த்தவுடனேயே பிரித்தறியலாம். நல்ல ஏற்பாடு.

இனித்தான் வேடிக்கை. அந்தப் பழைய அளவையின் ஏட்டில் பிதுருதலாகலவின் கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 46 கலை 18 விகலை. கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் கணக்கிலோ அதே உச்சி 80 பாகை 46 கலை 26 விகலை அருகே விழுகிறது. மலை நகரவில்லை. இரண்டு எண்ணும் அவரவர் கணக்கில் சரியானவையே. ஆனால் ஒன்றை மற்றதென்று நினைத்துப் படத்தில் வைத்தால் 200 மீட்டருக்கு மேல் இடம் தவறும்.

சமவெளியில் 200 மீட்டர் என்பது ஒரு வயல் தள்ளிப் போவது. தேயிலை மலையில் அப்படியல்ல. ஒரு டிவிஷனின் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, நிற்கும் சரிவுக்கும் அதற்கு மேலே ஓடும் ஓடைக்கும் இடையில் பல இடங்களில் அவ்வளவு தூரம்கூட இராது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்காது. மண்சரிவு அபாய வலயங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் முதலில் பதுளையிலும் நுவரெலியாவிலுமே வரையத் தொடங்கியது. 1:10,000 அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில் 200 மீட்டர் என்பது 2 சென்டிமீட்டர். ஒரு வீடு சிவப்பு வலயத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அந்த 2 சென்டிமீட்டர் மாற்றிவிடும்.

இரண்டு எண்கள் எப்படி வந்தன என்று கேட்டால் சென்னைக்குப் போக வேண்டும். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கைத் தந்தது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வெளியிட்ட அந்த வடிவத்தில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர். இலங்கையின் பழைய அளவையும் இதையே எடுத்துக்கொண்டு, நீர்கொழும்புப் பக்கத்துக் கண்டவாலவில் ஊன்றி நின்றது. செய்மதிகள் வந்த பிறகு உலகம் முழுவதற்குமாகப் பொருத்திய வடிவத்தில் அந்த ஆரம் 6,378,137 மீட்டர். ஆரத்தில் 861 மீட்டர் வித்தியாசம். அதைவிட வியப்பு, பழைய படம் பூமியின் நடு என்று எடுத்துக்கொண்ட புள்ளி உண்மையான நடுவிலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் விலகியிருக்கிறது. உள்ளூர் நிலத்துக்கு நன்றாகப் பொருந்தினால் போதும், பூமியின் நடு எங்கே இருந்தால் என்ன என்பதே அக்கால அளவையாளரின் நிலை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூமியின் நடுவைக் காட்டிக்கொடுக்க அன்று செய்மதி ஏது?

ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆள்கூறுகளை மாற்றித் தரும் வேலையை இன்று பெரும்பாலும் புரோஜ் என்ற ஒரு மென்பொருள் லைப்ரரி செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தில் ஜெரால்ட் எவென்டன் எழுதத் தொடங்கியது. கியூஜிஐஎஸ்ஸில் படம் திறந்தாலும், போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் காணி எல்லைகளைச் சேமித்தாலும், பைதானில் பைபுரோஜ் வழியாக ஒரு கோப்பை மாற்றினாலும் அடியில் இருப்பது அதுவே. செய்மதிப் படங்களைத் திறக்கும் ஜிடால் லைப்ரரியும் இதன் தோளில்தான் நிற்கிறது. புரோஜ் தவறினால் மேலே உள்ள எல்லாமே, சத்தமில்லாமல், அழகான நிறங்களோடு தவறும்.

லினக்ஸில் ஒரே கட்டளையில் புரோஜை நிறுவிவிடலாம். யாரோ வேறொரு நாட்டில் ஏற்கெனவே கம்பைல் செய்து, அதாவது மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றி, வைத்த பொதி வந்து இறங்கும். பெரும்பாலோருக்கு அது போதும், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் கடையில் வாங்கிய தேயிலைப் பைக்கட்டைப் பிரித்து இது எந்த மலையின் கொழுந்து, எத்தனை மணி நேரம் வாடியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆயத்தப் பொதியும் அப்படியே. பதிப்பு பழையதாக இருக்கலாம், நமக்கு வேண்டிய ஒரு வசதியை அடைத்துவிட்டுக் கட்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிதுருதலாகல அதற்குள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. மூலநிரலில் வழி இருக்கிறது.

புரோஜின் மூலநிரல் சுருக்கிய ஒற்றைக் கோப்பாக வருகிறது. அளவு சில மெகாபைட்தான். சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும் தோட்டத்தில்கூட இறக்கிவிடலாம். இறக்கியதும் முதலில் செய்ய வேண்டியது, கூடவே வெளியிட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுவது. பாதியில் அறுந்த இறக்கத்தை இது காட்டிக்கொடுக்கும். பிறகு விரித்துப் பாருங்கள், கம்பைல் செய்ய அவசரம் வேண்டாம்.

எஸ்ஆர்சி அடைவுக்குள் எல்ப்ஸ் என்று ஒரு சிறு கோப்பு. பூமியின் வடிவங்களின் பட்டியல் அது. எவரெஸ்ட் பெயரில் மட்டும் பல வரிகள் நிற்கும். ஒரே அளவையை ஒவ்வொரு நாடும் அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றும்போது சற்றே வேறான எண்ணைப் பிடித்துக்கொண்டதன் விளைவு. அவற்றில் 1830 என்று குறித்த வரியில் 6377276.345 என்ற எண்ணைக் காணலாம். பரங்கிமலையில் சங்கிலி பிடித்து அளந்ததன் பேரப்பிள்ளை அந்த எண்.

எறியங்களுக்கான அடைவில் டிமெர்க் என்ற கோப்பு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் குறுக்கு மெர்க்கேட்டர் கணிதம் அதில் இருக்கிறது. 1772இல் யோகான் லாம்பர்ட் கண்ட முறை. அதை நுட்பமாகக் கணிக்கும் சூத்திரங்களை டென்மார்க்கைச் சேர்ந்த பொடர், எங்ஸாகர் இருவரும் செப்பனிட்டார்கள் என்பதையும் அங்கே காணலாம். கம்பைலர் வாசிக்காத விளக்கவரிகள் மனிதருக்கு எழுதியவை. அவற்றை வாசித்தால் சூத்திரத்துக்கும் ஒரு ஊரும் பேரும் கிடைக்கிறது.

தரவு அடைவுக்குள் எஸ்கியூஎல் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஈபிஎஸ்ஜி என்ற பட்டியலின் சாரம் இவற்றில் இருக்கிறது. ஐரோப்பிய எண்ணெய்க் கம்பனிகளின் அளவையாளர்கள் 1986இல் கூடி, உலகத்தின் ஆள்கூற்று முறைகளுக்கெல்லாம் எண் போடத் தொடங்கியதில் பிறந்தது. கடலில் ஒருவர் குறித்த கிணற்றை மற்றவர் வேறிடத்தில் தோண்டிவிடக்கூடாதே! அந்தப் பட்டியலில் இலங்கையின் பழைய கட்டம் 5234, புதியது 5235. தேடினால் அகப்படும். தசமப் பாகையில் சொன்னால், பழைய கட்டத்துக்கு அகலக்கோடு 7.00048, நெடுங்கோடு 80.77171, அளவுக் காரணி 0.9999238418. இதோ நம் மலை, ஒரு வரியில்.

அந்த அளவுக் காரணியைக் கொஞ்சம் பார்ப்போம். ஒன்றுக்கு ஒரு துளி குறைவு. அதாவது உச்சியைச் சுற்றியுள்ள இடங்களில் ஒரு கிலோமீட்டரைப் படம் 7.6 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது, வேண்டுமென்றே. உருண்டையை விரித்தால் எங்காவது இழுபடத்தான் செய்யும். நடுவில் சிறிது சுருக்கி, கிழக்கு மேற்குக் கரைகளில் சிறிது நீள விட்டால் தீவு முழுவதும் பிழை தாங்கக்கூடியதாக இருக்கும். கரையோரத்தாரின் வசதிக்காக நுவரெலியா ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நான்கு விரல்கடை விட்டுக்கொடுக்கிறது என்று சொன்னால் மலையகத்தார் சிரிப்பார்கள்.

இப்போது கட்டுவோம். மூலநிரலுக்குள் பில்ட் என்று ஒரு அடைவை உண்டாக்கி, அதற்குள் நின்று சிமேக் கட்டளையை ஓட்ட வேண்டும். சிமேக் எதையும் கம்பைல் செய்வதில்லை. உங்கள் கணினியில் சி++ கம்பைலர் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, தேவையான மற்ற லைப்ரரிகள் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கட்டுவதற்கான திட்டத்தை எழுதித் தருகிறது. பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். எஸ்கியூலைட் கிடைக்கவில்லை என்று சிவப்பில் வரும். கணினியில் எஸ்கியூலைட் இருக்கிறதே என்று தலையைச் சொறிவோம். இருப்பது ஓடுவதற்கான பகுதி மட்டும். கட்டுவதற்கு அதன் தலைப்புக் கோப்புகள் வேண்டும், அவை பெயரில் டெவ் என்று முடியும் தனிப் பொதியில் இருக்கும். புரோஜுக்கு எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியும் வேண்டும். ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

அடுத்து லிப்டிஃப், கேர்ள். டிஃப் என்பது பட வகை, கேர்ள் என்பது இணையத்தில் கோப்பு இழுப்பது. ஆள்கூறு மாற்றும் லைப்ரரிக்கு இவை எதற்கு? விடை இலங்கைக்குத் தெற்கே கடலில் கிடக்கிறது. புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வால் கடல்மட்டம் எங்கும் ஒரே சீராக இல்லை. உலகிலேயே அது ஆக ஆழமாகக் குழிந்திருப்பது இந்துசமுத்திரத்தில், நம் தீவுக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். அந்தக் குழியின் சரிவில்தான் இலங்கை உட்கார்ந்திருக்கிறது. எனவே செய்மதி தரும் திருத்தாத உயரத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து எண்ணும் உயரத்துக்கும் நுவரெலியாவில் வித்தியாசம் 100 மீட்டரை நெருங்கும். இதைத் திருத்த எந்த ஒற்றைச் சூத்திரமும் போதாது. உலகம் முழுவதற்கும் கட்டம் கட்டமாகக் குழியின் ஆழத்தைப் பதிந்த கோப்புகள் வேண்டும். அவை டிஃப் வடிவில் இருக்கின்றன, வேண்டிய துண்டை மட்டும் இணையத்திலிருந்து இழுக்கவும் முடியும். அதற்குத்தான் அந்த இரண்டும். 2020இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு. சிமேக்கில் ஆளுக்கொரு சொல்லால் இவற்றை அடைத்துவிட்டும் கட்டலாம். உயரம் தேவைப்படும் நாளில்தான் வலி தெரியும்.

திட்டம் தயாரானதும் கம்பைல். கோப்புப் பெயர்களும் சதவீதமும் திரையில் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு சி++ கோப்பும் தனித்தனியாக எந்திர மொழிக்கு மாறி, கடைசியில் ஒன்றாக இணைகின்றன. பழைய மடிக்கணினியில் மின்விசிறி இரையும். எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை வேலையை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லலாம், ஆனால் நினைவகம் குறைந்த கணினியில் அதைக் குறைத்துக் கொடுப்பது புத்திசாலித்தனம். இடையே ஒரு கட்டத்தில் அந்த எஸ்கியூஎல் கோப்புகளையெல்லாம் எஸ்கியூலைட் கருவி விழுங்கி, புரோஜ்.டிபி என்ற ஒரே தரவுத்தளமாகத் தருகிறது. சற்றுமுன் வாசித்த பிதுருதலாகல வரியும் அதற்குள் போய்விட்டது. 2019இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் புரோஜின் அறிவு பெரும்பகுதி இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. லைப்ரரி கணக்குப் போடும், எதைப் போடுவது என்று சொல்வது தரவுத்தளம்.

கட்டியதை உடனே நிறுவிவிடாதீர்கள். சிடெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள். மூலநிரலிலிருந்து கட்டுவதில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இது. ஆயத்தப் பொதியை இறக்குபவர் இந்தச் சோதனையை ஓட்டுவதே இல்லை. புரோஜின் சோதனைகள் பல, ஜிஐஇ என்ற கருவிக்காக எளிய வரிகளில் எழுதியவை. இந்தச் செயலைச் செய், இந்த எண்ணை எடுத்துக்கொள், இந்த விடை வர வேண்டும், இவ்வளவுக்கு மேல் பிழை கூடாது. சகிப்பெல்லை பல சோதனைகளில் மில்லிமீட்டர், அதற்கும் கீழே. நிரல் எழுதத் தெரியாத நில அளவையாளரும் வாசித்துச் சரிபிழை சொல்லலாம்.

ஏன் சகிப்பெல்லை? கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட இடங்களோடு வெட்டி வைக்கிறது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறலாம். வேகத்துக்காகக் கம்பைலர் அந்த வரிசையை மாற்ற அனுமதிக்கும் தெரிவுகள் உண்டு. வேறு கம்பைலர், வேறு சில்லு, வேறு தெரிவு என்றால் அதே மூலநிரலும் மயிரிழை மாறிய விடை தரலாம். மயிரிழை பரவாயில்லை. மயிரிழையா மலையளவா என்று உங்கள் சொந்தக் கணினியில் பார்த்துச் சொல்ல இந்தச் சோதனைகளை விட்டால் வேறு ஆள் இல்லை.

சோதனை தேறியதும் நிறுவலாம். எங்கே என்பதில் கவனம் வேண்டும். கணினியின் பொது இடத்தில் வைத்தால் ஏற்கெனவே இருக்கும் ஆயத்தப் புரோஜோடு மோதும். ஜிடால் ஒன்றைத் தேடும், கியூஜிஐஎஸ் மற்றதைப் பிடிக்கும், புதிய லைப்ரரி பழைய தரவுத்தளத்தைத் திறக்கும். அப்போது இந்தத் தரவுத்தளம் வேறொரு புரோஜ் நிறுவலுக்குரியது என்ற பிரபலமான பிழை வரும். அல்லது புரோஜ்.டிபியைக் காணவில்லை என்று வரும். மாலைகள் பல இதில் கரைந்த வரலாறு உலகம் முழுவதும் உண்டு. உங்கள் வீட்டு அடைவுக்குள் தனியாக ஓரிடம் காட்டி நிறுவிவிட்டு, தரவுத்தளம் எங்கே என்பதைப் புரோஜ்_டேட்டா என்ற சூழல் மாறியில் சொல்லிவிடுங்கள். வேண்டாமென்றால் அந்த அடைவை அழித்தால் முடிந்தது.

இப்படிக் கத்தி நிற்கும் பிழை உண்மையில் ஒரு வரம். பழைய புரோஜில் கட்டத்தின் விவரத்தைக் கையால் எழுதும்போது பூமியின் நடுவை நகர்த்தும் மூன்று எண்களை விட்டுவிட்டால் அது ஒன்றும் பேசாது; நகர்த்தாமலேயே விடை தரும், 200 மீட்டர் தள்ளி. புதியது அப்படி விட்ட இடத்தில் செய்வது வெறும் உத்தேச மாற்றம் என்று, கேட்டால், சொல்கிறது. கேட்பதற்குப் புரோஜ்இன்ஃபோ என்ற கருவி கூடவே வருகிறது. கண்டவால கணக்கிலிருந்து ஜிபிஎஸ் கணக்குக்கு எப்படிப் போவது என்று அதனிடம் கேளுங்கள். தனக்குத் தெரிந்த வழியை, அதன் துல்லியத்தோடு காட்டும். பழைய வழியின் மூன்று எண்கள் -97, 787, 86. அவற்றின் பின்கதையும் பட்டியலில் இருக்கிறது. தீவில் மூன்றே மூன்று இடங்களில் அளந்து எடுத்தவை; ஒவ்வொரு திசையிலும் 20 மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். இதை வாசித்தவர் அந்த வழியில் மாற்றிய படத்தை வைத்து ஒரு லயத்தின் சுவருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று வாதாட மாட்டார். ஏழு எண்களால் ஆன, இன்னும் நெருக்கமான மாற்றம் பின்னர் வந்தது.

மலையகத்திலிருந்து மொரட்டுவைக்கும் பேராதனைக்கும் போய்ப் புவியியலும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம். புரோஜை ஒருமுறையாவது மூலநிரலிலிருந்து கட்டுங்கள். உங்கள் தோட்டத்துக்கு அருகே உள்ள நில அளவைக் குறிக்கல் ஒன்றின் ஆள்கூறுகளைத் திணைக்களத்திடம் கேட்டு வாங்குங்கள். அதே கல்லின் மேல் நல்ல ஜிபிஎஸ் கருவியை வைத்து அளந்து, இரண்டையும் ஜிஐஇ சோதனையாக நான்கு வரியில் எழுதி ஓட்டுங்கள். விடை சகிப்பெல்லைக்குள் வந்தால் உங்கள் கணினியில் உள்ள படத்தை நம்பலாம். வராவிட்டால், லயம் எந்த வலயத்தில் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள், முதலில் பிழையைக் கண்டுபிடியுங்கள்.